ஆட்டமும் காலடியும்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் வாரக்கடைசியில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித் தருகிறேன். அவர்களில் ஒரு பையன் 'பிரின்ஸ்' நசீம் ஹமெட்டின் பழைய குத்துச்சண்டைக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, கம்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரே நிற்பவனைப் பார்த்துச் சிரிப்பது, இடுப்பை ஆட்டுவது என்று ஆரம்பித்திருக்கிறான். தோட்டத்துக் காலத்திலிருந்தே குத்துச்சண்டை பார்க்கும் என் மாமா, "அந்தாளு தலைக்கனம் புடிச்சு ஒரே அடியில போனவன். இவனை இப்பவே அடக்கி வை" என்கிறார். ஆட்டம்தான் அவரைக் கவிழ்த்ததா? பையனை அடக்கவா, விடவா?

ச., சுங்கை சிப்புட்

அன்புள்ள ச.,

நசீம் ஒரே அடியில் போகவில்லை என்று முதலில் மாமாவிடம் சொல்லிவிடுங்கள். தொழில்முறையில் ஆடிய 37 சண்டைகளில் 36 வெற்றி, அதில் 31 நாக் அவுட். தோற்ற அந்த ஒன்றிலும் 12 சுற்று முழுக்க நின்று, புள்ளிக்கணக்கில்தான் தோற்றார். தலைக்கனம்? அது தாராளமாகவே இருந்தது. சிறுத்தைப்புள்ளிக் கால்சட்டை, மேல்கயிற்றைப் பிடித்துக் குட்டிக்கரணம் அடித்து மேடைக்குள் குதிப்பது, 2000-இல் லண்டன் சண்டைக்குப் பறக்கும் கம்பளத்தில் வந்து இறங்கியது... எதையும் அவர் குறைத்துக்கொண்டதில்லை.

ஆனால் அந்த ஆட்டம் எங்கே பழகியது என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஏமனிலிருந்து வந்து கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை நசீம். ஏழு வயதில் பிரெண்டன் இங்கிள் என்ற ஐரிஷ்காரரின் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். தரையில் கோடுகள் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே பிள்ளைகளை முன்னும் பின்னும் நடக்கவிடுவார் இங்கிள். வலக்கால் முன்னே, இடக்கால் முன்னே என்று மாற்றி மாற்றி. பயிற்சிச் சண்டையில் முகத்தில் அடிக்கக் கூடாது, உடம்பில் மட்டும்தான். கயிற்றைத் தாண்டிக் குதிப்பதும் அங்கே ஒரு பாடம். அதே கூடத்தில் வளர்ந்த ஹெரோல் கிரகாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 'முடிந்தால் அடி' என்று ஆட்களைக் கூப்பிட்டு நிற்பார். ஒருவராலும் தொட முடியாது. கையைத் தாழ்த்தி நிற்பது அங்கே ஒரு வித்தை. அடி வரும்போது உடம்பு விலகியிருக்கும் என்று காலும் இடுப்பும் கொடுக்கிற உத்தரவாதம் அது. சிலம்பத்தில் வணக்கம் சொல்லி ஆடும் நம் சலாம் வரிசையைப் பார்த்து, "என்னடா சும்மா ஆடிக்கிட்டு நிக்கிறான்" என்று வேடிக்கை பார்க்க வந்தவன் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

1995 செப்டம்பரில் கார்டிஃப் திடலில், அந்த ஊர்க்காரரான ஸ்டீவ் ராபின்சனை எட்டாவது சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டம் வாங்கியபோது நசீமுக்கு 21 வயது. வித்தையும் ஆட்டமும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருந்த இரவு அது. 1997 டிசம்பரில் நியூயார்க். திரைக்குப் பின்னால் நிழலாக நெடுநேரம் ஆடிவிட்டுத்தான் மேடைக்கு வந்தார். கெவின் கெல்லி அவரை மூன்று முறை தரையில் உட்காரவைத்தார். அவரும் கெல்லியை மூன்று முறை வீழ்த்தி, நான்காவது சுற்றில் முடித்துவிட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் கொண்டாடினார்கள். என்னைக் கேட்டால் சரிவு தொடங்கியது அந்த இரவில்தான். தாடை மேலே, கை கீழே, கால் ஒரே இடத்தில். எல்லாவற்றையும் அந்த இடதுகைக் குத்து மூடி மறைத்தது.

அடுத்த வருடமே பணத்தை ஒட்டிய மனத்தாங்கலில் இங்கிளை விட்டுப் பிரிந்தார். பிறகு வந்தவர்களும் சாதாரணப் பயிற்றுநர்கள் இல்லை. ஆனால் ஏழு வயதிலிருந்து கோட்டின் மேல் நடக்கவைத்த ஆள் போய்விட்டார். குத்து ஒன்றே போதும் என்று நசீமும் நம்ப ஆரம்பித்துவிட்டார்.

2001 ஏப்ரல் 7, லாஸ் வேகாஸ். எதிரே மெக்சிகோவின் மார்க்கோ அந்தோனியோ பாரேரா. முட்டி மோதி அடிப்பவர் என்று பெயர் எடுத்தவர், அன்று பொறுமையின் உருவமாக நின்றார். நசீமின் இடதுகைக்கு எட்டாதபடி விலகி விலகி, அவர் பாயும்போது மட்டும் திருப்பிக் கொடுத்தார். நசீம் சிரித்தார், உறுமினார். பாரேரா கண்டுகொள்ளவே இல்லை. கடைசிச் சுற்றில் நசீமின் தலையை மூலைத்திண்டில் மோதவைத்துப் பாரேரா ஒரு புள்ளியை இழந்தார். அப்படியும் மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள்: 116-111, 115-112, 115-112.

அதன்பின் ஒரே ஒரு சண்டை, 2002 மே மாதம். வென்றார், ஆனாலும் கூட்டம் அதிருப்தியில் கூச்சலிட்டது. 28 வயதில் முடிந்தது. பிற்பாடு காரை ஆபத்தாக ஓட்டி விபத்து உண்டாக்கியதற்குச் சிறைக்கும் போனார், அரசு கொடுத்த எம்பிஇ கௌரவத்தையும் இழந்தார். 2015-இல் குத்துச்சண்டையின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது.

மாமாவிடம் இதையும் கேளுங்கள். 1975 ஜூலை 1, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்று ஆடி வென்ற முகமது அலி மட்டும் அடக்கமாகவா ஆடினார்? அவரும் கையைத் தாழ்த்தியவர், வாயால் வம்புக்கு இழுத்தவர். இளமையில் கால்கள் அவரைக் காப்பாற்றின. கால் ஓய்ந்ததும் அடியை வாங்கிக்கொள்ளத் தொடங்கினார், அதன் விலை நமக்குத் தெரியும். ஒட்டுக்கடைப் பேச்சில் அலி ஆடினால் கலை, நசீம் ஆடினால் திமிர். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சரி, பையன் விஷயம். இடுப்பை ஆட்டட்டும். ஆனால் கம்பைக் கையில் கொடுக்குமுன் திடலில் சுண்ணாம்பால் கோடு போட்டு, வெறுங்கையோடு காலடி எடுக்கவிடுங்கள். அலுத்துப்போய் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். அதற்கப்புறமும் சிரித்துக்கொண்டு ஆடினான் என்றால் மாமாவைக் கூட்டிவந்து காட்டலாம். லாஸ் வேகாஸ் சண்டையையும் அவனோடு உட்கார்ந்து பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு. நசீமை அவன் எப்படியும் பார்ப்பான். பாரேராவின் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.