ரீயூனியனுக்கு அரை மணி நேரமா, முக்கா மணி நேரமா?

கேள்வி: வணக்கம்ங்க, மொரீஷியஸ்ல இருந்து எழுதறேன். பக்கத்துல பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுல, சேந்தாந்த்ரே ஊர்ல எங்க அத்தை இருக்காங்க, ஜனவரியில அங்க தீமிதி பாக்க எங்க அம்மாவ கூட்டிட்டு போறேன். 230 கிலோமீட்டர்தான், அரை மணி நேரத்துல போயிடலாம்னு என் பையன் சொல்றான், ஆனா டிக்கெட்ல முக்கா மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கு. எது சரி? அங்க பிரான்ஸ் டைமா, வாட்ச்ச மாத்தணுமா? அம்மாவுக்கு 74 வயசு, முட்டி வலி வேற.
- ரோஸ் ஹில் வாசகி

பதில்: தம்பி சொன்ன தூரம் சரிதான்மா. நம்ம பிளேசான்ஸ் ஏர்போர்ட்ல இருந்து அங்க சேந்த் மாரில இருக்கற ரோலான் காரோஸ் ஏர்போர்ட்டுக்கு நேர்கோட்டுல சுமார் 230 கிலோமீட்டர். இந்த ரூட்ல போற ஏடிஆர் 72, அதான் ரெக்கையில விசிறி சுத்துற சின்ன ப்ளேன், மேல போய் செட்டில் ஆனப்புறம் மணிக்கு 500 கிலோமீட்டர் கிட்ட போகும், அத வச்சு வகுத்துப் பாத்துட்டு அரை மணின்னு சொல்லிருப்பாரு. ஆனா இவ்ளோ பக்கத்து ஊருக்கு அந்த ஸ்பீடுல ஓடறது கொஞ்ச நேரம்தான், ஏறி முடிச்சதுமே இறங்க ஆரம்பிச்சிடும். அதோட டிக்கெட்ல போடறது பறக்கற நேரம் மட்டும் இல்ல, இங்க இடத்த விட்டு நகர்றதுல இருந்து அங்க போய் நிக்கற வரைக்கும். நம்ம நாட்டு ரோட்ரிக்ஸ் தீவ பாருங்க, 600 கிலோமீட்டர், ரெண்டரை மடங்கு தூரம், ஆனா ஒன்றரை மணி நேரத்துல போயிடறோம், ஏத்த இறக்கத்துக்கு ஆகற நேரம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே.

எங்க அம்மாவ கூட்டிட்டு போனப்ப ஜூஸ் குடுத்தாங்க, அவங்க ரெண்டு வாய் குடிக்கறதுக்குள்ள கப்ப வாங்க வந்துட்டாங்க, ஜன்னல்ல மலை தெரியுது!

வாட்ச்ச தொடவே வேணாம், ரெண்டு தீவுக்கும் ஒரே நேரம். பாரிஸ்தான் ஜனவரியில நம்மள விட 3 மணி நேரம் பின்னாடி.

எனக்கு கவலை உங்க அம்மா முட்டிதான். ஏடிஆர்ல பின்பக்கக் கதவு வழியா படியில ஏறணும், அதனால பின்வரிசை சீட்டா கேட்டு வாங்குங்க, வீல்சேர் வேணும்னு டிக்கெட் போடும்போதே சொல்லிடுங்க, அன்னைக்கு கவுண்ட்டர்ல போய் கேக்காதீங்க. பாஸ்போர்ட் செக்கிங் எல்லாம் உண்டு, ரெண்டரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. மெட்ரோ ரயில் க்யூர்பிப் ஊர் வரைக்கும்தான், ஏர்போர்ட்டுக்கு போகாது, அதுக்கு மேல பஸ் ஏறி இறங்கறதெல்லாம் அவங்களால முடியாது, வீட்ல இருந்தே கார் பிடிச்சிடுங்க. அந்தப் பக்கம் கவலை இல்ல, சேந்தாந்த்ரே ஏர்போர்ட்ல இருந்து 20 கிலோமீட்டர்தான்.

இன்னொண்ணு, ஜனவரி புயல் சீசன். அங்க ரெட் அலர்ட் போட்டுட்டா யாரும் வெளியவே வரக்கூடாது, ஃப்ளைட்டும் நின்னுடும். தீமிதி அன்னைக்கு காலையில போற மாதிரி டிக்கெட் போட்டிருந்தீங்கன்னா தயவுசெஞ்சு ரெண்டு நாள் முன்னாடிக்கு மாத்திடுங்கம்மா.