காலிபர் வாங்கும் முன் நிப்பிளைத் திறந்து பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு இறக்குகிறேன். சொந்த பிக்கப், நானேதான் ஓட்டுகிறேன். ஒரே வருடத்தில் மூன்று முறை முன் பிரேக் பேட் மாற்றியாகிவிட்டது. மலை இறங்கியதும் பார்த்தால் இடது வீல் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. ஸ்டியரிங்கும் இடது பக்கமே இழுக்கிறது. வலது பேடும் சீக்கிரம் தேய்கிறது, ஆனால் இடது அளவுக்கு இல்லை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா? பேட் போட்ட பட்டறையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் இடது பக்கம் பிரேக் விடவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

கோளாறு தெரியும்போதே பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இடது வீலைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரின் பிளீடர் நிப்பிளை, அதாவது ஏர் எடுக்கும் சிறு திருகை, தளர்த்த வேண்டும். பிரேக் ஆயில் கொஞ்சம் பீய்ச்சி வீல் சட்டென்று லூசானால் காலிபர் மேல் குற்றமில்லை. ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இப்படியென்றால் என் சந்தேகம் காலிபருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் மேல்தான். வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே ஊதிப்போய், மிதிக்கும்போது ஆயிலை விட்டு, திரும்பும்போது தடுக்கும். சோதித்த பிறகு பிரேக் லைனில் புகுந்த ஏரை எடுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

நிப்பிளைத் திறந்தும் லூசாகாவிட்டால்தான் காலிபர். அதிலும் முதலில் காலிபர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின்னைக் கழற்றிப் பாருங்கள். வெளிப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பின் இறுகியிருக்கும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் வைத்தால் போதும். கைக்குக் கிடைத்த சேசிஸ் கிரீஸை அப்பிவிடுகிறார்கள், அதில் ரப்பர் ஊதி பின் மறுபடி இறுகும்.

வலது பேடும் சீக்கிரம் தேய்கிறது என்கிறீர்களே, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: லோடு தாங்க பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறீர்களா? பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே கம்பியோடு ஒரு வால்வு இருக்கும். பாடி எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்துத்தான் லோடை அறிந்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். பட்டை போட்டால் பாடி தாழாது. வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கை அது குறைத்துவிடும். மொத்தச் சுமையும் முன் பேடுக்கு வந்துவிடும். அந்தக் கம்பியைச் சரிசெய்யுங்கள், பின் டிரம்மையும் அட்ஜஸ்ட் செய்யுங்கள். இதை விட்டுவிட்டு நான்காவது செட் பேட் வாங்குவது வீண் செலவு.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். புது டாட் 3 தர பிரேக் ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம்.

பணம் விஷயம்: கோளாறு ஹோஸிலோ வால்விலோ இருந்தால் பேடைக் குறை சொல்ல முடியாது. ஒரிஜினல் என்று பில் போட்டு டூப்ளிகேட் மாட்டியிருந்தால் கதை வேறு. பில்லும் கழற்றிய பேடும் கையில் இருக்கிறதா? வாடகை வண்டிக்காரருக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக ஓட்டுபவரை 2019 சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்; நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு.