அல்லித் தொட்டி ஒழுகுகிறது: எந்தப் பூச்சு அடிக்கலாம்?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் வயலை ஒட்டி எங்கள் வீடு. முன்வாசலில் பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழத்தில் செங்கல் தொட்டி கட்டி அல்லியும் மீனும் விட்டிருக்கிறோம். நடுவில் சிறிய நீரூற்று. கட்டி ஓராண்டுதான் ஆகிறது. நாளுக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் இறங்குகிறது. மொட்டை மாடிக்கு வாங்கிய வாட்டர் புரூஃப் பெயின்ட் மீதம் இருந்தது. அதை இரண்டு கோட் அடித்தோம். மூன்றே மாதத்தில் கொப்பளித்து உரிந்துவிட்டது. மீனுக்குக் கெடுதல் வராத நல்ல பூச்சு எது?

பதில்: பூச்சின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் வாங்கும் டப்பா எதுவாக இருந்தாலும், அடுத்த ஆண்டு இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.

உங்கள் தொட்டியின் பரப்பு 60 சதுர அடி. நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே ஏறக்குறைய 56 லிட்டர், அதாவது நான்கு குடம் குறைகிறது என்று பொருள். இரண்டு அங்குலம் என்றால் 280 லிட்டர். இதில் வெயில் குடிப்பது எவ்வளவு, காற்று வாரிக்கொண்டு போவது எவ்வளவு, சுவர் குடிப்பது எவ்வளவு என்று முதலில் பிரிக்க வேண்டும். நம் ஊரில் ஆனி, ஆடிக் காற்று எப்படி வீசும் என்று சொல்லத் தேவையில்லை. கயத்தாறு பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பதே அதை நம்பித்தான். அந்தக் காற்றில் மூன்றடி உயரம் பீய்ச்சும் ஊற்றின் சாரல் தொட்டிக்குள் விழாது, அடுத்திருக்கும் செம்பருத்திச் செடியில்தான் விழும். உங்கள் தொட்டிக்கு ஊற்று ஒன்றரை அடிக்கு மேல் எழும்பவே கூடாது.

ஊற்றை நிறுத்திவிட்டு ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, தொட்டிக்குள் இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் வையுங்கள். வாளிக்குள் ஒரு கோடு, தொட்டிச் சுவரில் ஒரு கோடு. இருபத்துநான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளியில் குறைந்தது வெயிலின் கணக்கு. தொட்டியில் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால், அந்த வித்தியாசம்தான் ஒழுகல். மறுநாள் ஊற்றை ஓடவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது மட்டும் அதிகமாகக் குறைந்தால் குற்றவாளி சுவர் அல்ல. காற்று, அல்லது மோட்டாரிலிருந்து ஊற்றுக்குப் போகும் குழாய்.

ஒழுகல்தான் என்று உறுதியானால், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுத் தண்ணீரை அதன் போக்கில் இறங்க விடுங்கள். தினமும் காலையில் பென்சிலால் ஒரு கோடு. எந்த மட்டத்தில் வந்து நிற்கிறதோ, அந்த மட்டத்தில்தான் ஓட்டை. அதற்குமேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அசைவு அடங்கியதும் அந்த மட்டத்தில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் இரண்டு துளியைச் சுவரோரமாக மெதுவாக விட்டுப் பாருங்கள். தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். நீலம் புகைபோல அங்கேயே மிதந்தால் அங்கே ஒன்றுமில்லை. நூல் இழுத்ததுபோல ஒரு பக்கமாக வளைந்து சுவருக்குள் போனால், விரலை அங்கே வைத்துக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிடலாம். என் அனுபவத்தில் பத்துத் தொட்டிகளில் ஏழெட்டு, குழாய் சுவரைத் துளைக்கும் இடத்திலோ, தரையும் சுவரும் சேரும் மூலையிலோதான் ஒழுகுகின்றன. நடுச்சுவர் ஒழுகுவது அபூர்வம்.

சரி, மாடிப் பெயின்ட் ஏன் உரிந்தது? அது அக்ரிலிக். மழையில் நனைந்து, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும் மேற்பரப்புக்காகச் செய்தது. இரவும் பகலும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் நீரை உறிஞ்சி உப்பி, மெதுவாகப் பிடியை விட்டுவிடும். பெயின்ட் மோசமில்லை, இடம்தான் தவறு. இன்னொரு காரணமும் இருக்கலாம்: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல் சாகுபடி நடக்கும் மாதங்களில் வயலோரத்து நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். தொட்டியைக் காலி செய்தால், வெளியே இருக்கும் நீர் செங்கல் வழியாக உள்ளே தள்ளும். எந்தப் பூச்சையும் பின்னாலிருந்து நெட்டும். இதை நான் என் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரு கார்த்திகையில் அவசரப்பட்டுத் தொட்டியை இறைத்துப் பூசினேன். நான்காம் நாள் காலையில் சுவரெங்கும் எட்டணாக் காசு அளவில் கொப்புளங்கள். ஒன்றை ஆணியால் குத்தினேன். பீச்சாங்குழல்போல முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்ற கொத்தனார், "அண்ணாச்சி, இது உள்ளேயிருந்து போகிற தண்ணீர் இல்லை, வெளியேயிருந்து வருகிற தண்ணீர்" என்று நிதானமாகச் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஆகவே, பிசான அறுவடை முடிந்து, கால்வாயில் தண்ணீர் நின்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள். அப்போது வெயில் கடுமையாக இருக்கும். அதற்கு விடியற்காலையும் தென்னங்கீற்றுப் பந்தலும் போதும்.

இனி பூச்சு. உங்களுக்கு ஏற்றது பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு. ஒரு பையில் தூள், ஒரு கேனில் பால் போன்ற திரவம் என இரண்டு பாகமாக விற்கிறார்கள். ஈரச் சுவரிலும் பிடிக்கும், கொஞ்சம் நெகிழும், வெயிலைத் தாங்கும். பையில் 'குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது' என்ற குறிப்பு இருந்தால் மட்டும் வாங்குங்கள். மீனுக்கு அதுதான் உத்தரவாதம். நீச்சல் குள நீலத்தில் வரும் எபாக்ஸி பார்க்க அழகு. ஆனால் சுவர் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், வயலோரத்தில் அது நடக்காது. வெயிலில் மேற்பரப்பு மங்கித் தூளாக உதிரவும் செய்யும். பாலியூரிதேன் நன்றாக நெகிழும். ஆனால் விலையும் கூலியும் கூடுதல், அதற்கும் காய்ந்த சுவர் வேண்டும். தார் வகைகளைத் தொட்டியின் உள்பக்கம் நினைக்கவே வேண்டாம். சும்மா சிமெண்ட் பால் அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது முதல் கோடையிலேயே மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்து அருமையான பொருள்தான். அதைச் சுண்ணாம்புக் கட்டடத்தில் தனியாகச் செய்ய வேண்டும். சிமெண்ட் கலவையில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றுவது கருப்பட்டிக்குத்தான் நஷ்டம்.

வேலையில் முக்கால் பங்கு பூசுவதற்கு முன்னால் இருக்கிறது. பழைய பெயின்ட் முழுவதும் போக வேண்டும். கம்பி பிரஷ், சுரண்டி, தேவைப்பட்டால் கிரைண்டர். புதுப் பூச்சு பழைய பெயின்டைத்தான் பிடித்துக்கொள்ளும்; பழையது உரியும்போது இதையும் கூட்டிக்கொண்டு வரும். சுத்தமாகிவிட்டதா என்று அறியச் சுவரில் ஒரு கை தண்ணீரைத் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டால் பெயின்ட் இன்னும் இருக்கிறது. உறிஞ்சிக் கருத்தால் சரி. சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டி, பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடங்களை உடைத்துவிட்டு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையில் பூசச் சொல்லுங்கள். மூலைகளைச் செங்குத்தாக விடாமல், கலவையை வைத்துக் கட்டைவிரல் கனத்துக்கு உருட்டிப் பூச வேண்டும்.

குழாய் இடம்தான் உயிர்நாடி. பி.வி.சி. குழாய் வழவழப்பானது, சிமெண்ட் அதைப் பிடிக்காது. குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குச் சுவரைக் கொத்தி, குழாயை உப்புத்தாள் கொண்டு சொரசொரப்பாக்கி, சுருங்காத கிரவுட், அதாவது இடைவெளியை அடைக்கும் சிமெண்ட் கலவை, வைத்து அடையுங்கள். அது இறுகியதும் குழாயோரம் பாலியூரிதேன் சீலன்ட் ஒரு சுற்று. மூலைக்கும் குழாய்க்கும் கண்ணாடி இழை வலையை முதல் கோட்டிலேயே பதித்துவிட வேண்டும்.

முதல் நாள் மாலை சுவரை நன்றாக நனைத்துவிடுங்கள். பூசும்போது ஈரம் இருக்க வேண்டும், தேங்கிய தண்ணீர் இருக்கக் கூடாது. திரவத்தை முதலில் ஊற்றி, தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரத்தில் தீரும் அளவு மட்டுமே கலக்குங்கள். நம் வெயிலில் அது வாளியிலேயே இறுகிவிடும். இறுகியதும் சித்தாள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி இளக்கப் பார்ப்பார். அங்கே நீங்கள் நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு செம்பில் பூச்சின் பலம் போய்விடும். முதல் கோட் நெடுக்காக. பையில் சொன்ன நேரம் கழித்து இரண்டாவது குறுக்காக. தரையும் சுவரும் சேர்ந்து உங்களுக்கு 124 சதுர அடி, அதாவது பதினொன்றரை சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ பிடிக்கும். 25 கிலோ வாங்கினால் கையைக் கடிக்காது. பிறகு ஒரு வாரம் நிழலில் காய வேண்டும்.

சுவரில் மேலிருந்து கீழாக வெடிப்பு ஓடி, அதன் நுனியில் பென்சிலால் போட்ட குறியைத் தாண்டி மாதா மாதம் வளர்ந்தால் மட்டும் இத்தனையும் வீண். அடித்தளம் இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது பூச்சை மறந்துவிட்டு, பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் பாலித்தீன் விரிப்பைத் தொட்டிக்குள் விரித்துவிடுங்கள். அழகு குறையும், ஒழுகாது.

காய்ந்ததும் மீனை விட்டுவிடாதீர்கள். புது சிமெண்டின் காரம் மீனின் செவுளை அரித்துவிடும். நிரப்பி மூன்று நாள் வைத்து இறைப்பது என்று மூன்று முறை செய்யுங்கள். ஒரு நிரப்பில் வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். அழுகி நாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். பழக்கத்தை மட்டும் நம்பாமல், மீன் கடையில் கிடைக்கும், தண்ணீரின் காரத்தை அளக்கும் பி.எச். சோதனைத் துளிகளை வாங்கிப் பாருங்கள். 8.5-க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் முதலில் இரண்டு கப்பி மீன், ஒரு வாரம் கழித்து மற்றவை. அல்லிக் கிழங்கை மண்தொட்டியோடு இறக்கும்போது அதன் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடுங்கள். மண்தொட்டியை நகர்த்தும்போதுதான் புதுப் பூச்சில் முதல் கீறல் விழும்.