மணிக்கட்டில் மகளின் விரல்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 51. திருவொற்றியூரில் சொந்த வீடு. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு இருப்பது ஒரே கேள்விதான். ஹிப்னாடிசம் என்கிற அறிதுயில் உண்மையா, ஏமாற்றா? உண்மை என்றால் எனக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை?

சென்ற ஆண்டு மார்ச்சில் கொருக்குப்பேட்டைக்குச் சற்று முன்னால் ரயில் சிக்னலுக்காக நின்றது. கால் மணி நேரம் இருக்கும். நல்ல கூட்டம், மின்விசிறி ஓடவில்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை ஈரமாகிவிட்டது. இதோ சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். இழுக்க இழுக்க விரல் நுனியும் உதடும் மரத்துப்போயின. மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அதன் பிறகு இசிஜி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாமலா இப்படி ஆகும்?

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஓர் அறிதுயில் நிபுணரிடம் போனேன். ஆறு அமர்வுக்கு 15,000 ரூபாய். படிப்படியாகக் கீழே இறங்குவதாக நினைக்கச் சொல்லி எண்ணிக்கொண்டே வருவார். பத்தாவது படியிலும் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தெருவில் போன ஆட்டோவின் ஹாரன்கூடக் கேட்டது. "உங்கள் ஆழ்மனம் ஒத்துழைக்க மறுக்கிறது" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு பழியை என் ஆழ்மனத்தின் மேல் போட்டால் என்ன நியாயம்? அவர் பதிவுசெய்து கொடுத்த குரலை இரவில் இருபது நிமிடம் கேட்கிறேன். அந்த இருபது நிமிடத்தில்தான் என் மனைவி குக்கர் வைப்பாள். பையன் கிரிக்கெட் பார்ப்பான். சொன்னால் மனைவி சிரிக்கிறாள். வடிவுடையம்மனுக்கு விளக்குப் போடு, எல்லாம் சரியாகும் என்கிறார் அண்ணன். வெண்பூசணிச் சாறு, அசுவகந்தா சூரணம், படுக்கும் முன் வெந்நீரில் கால் வைப்பது என்று இயற்கை முறைகள் எதையும் நான் விடவில்லை. வீட்டில் ஒருவராவது மதிக்க வேண்டுமே.

மெட்ரோவில் போகலாமே என்பார்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கம் அது சுரங்கத்துக்குள் இறங்குவதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. சாலை வழியே போனால் கண்டெய்னர் லாரி வரிசை. ஆகவே பழைய ரயில்தான். மகள் கூட வருவதால் சமாளிக்கிறேன். கொருக்குப்பேட்டை நெருங்கும்போது நாடி பார்ப்பதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். கோவையில் வேளாண் படிப்புக்கு இடம் கிடைத்தும், பாரிமுனைக்குப் பக்கத்திலேயே பி.காம். சேர்ந்துகொண்டாள். அவளாக எடுத்த முடிவு, நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெண். இன்னும் இரண்டு வருடத்தில் படிப்பு முடிந்து, அவளையும் ஓர் இடம் பார்த்து அனுப்பிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று சில இரவுகளில் தோன்றும். அது கிடக்கட்டும்.

15,000 ரூபாய் சும்மா வருவதில்லை. குக்கரைப் பத்து நிமிடம் கழித்து வைத்தால் என்ன? கிரிக்கெட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் என்ன? வட சென்னையில் இன்னும் ஆழமாகத் தூங்க வைக்கிற நல்ல நிபுணர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், திருவொற்றியூர்

*

அன்புள்ள திருவொற்றியூர் வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் குக்கர் இரண்டு முறை வருகிறது. கிரிக்கெட் இரண்டு முறை, 15,000 ரூபாய் இரண்டு முறை. கோவை ஒரே ஒரு முறை.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அறிதுயில் ஏமாற்று அல்ல, தூக்கமும் அல்ல. 1840களில் மான்செஸ்டரில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் 'ஹிப்னாடிசம்' என்ற சொல்லைப் பரவலாக்கினார். கிரேக்கர்களின் தூக்கக் கடவுள் ஹிப்னாஸ். அதிலிருந்து வந்த பெயர். இது தூக்கமே இல்லை என்று பிரெய்டுக்கே பின்னால் தெரிந்தது. வேறு பெயர் வைத்துப் பார்த்தார், அதற்குள் முதல் பெயர் ஊன்றிவிட்டது. கவனம் ஒன்றில் குவிந்திருக்கும்போது சொல்லப்படும் சொல் மனத்தில் சற்று எளிதாக இறங்கும், அவ்வளவுதான். ஆட்டோ ஹாரன் கேட்டது தோல்வி ஆகாது. சிலருக்கு எளிதில் இறங்கும், சிலருக்கு இறங்காது. ஆழ்மனத்தின் மேல் பழி போட்டது தவறு, அதில் நான் உங்கள் பக்கம். பேச்சுவழிச் சிகிச்சைக்குத் துணையாக அறிதுயில் சிலருக்கு உதவுகிறது. தனியாக அதை மட்டும் நம்பி இன்னொரு 15,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

ரயிலில் விரல் மரத்ததற்குக் காரணமும் எளிது. பதற்றத்தில் வேகமாக மூச்சை இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். மரத்துப்போவதும் தலை லேசாவதும் அதனால்தான். அப்போது வேண்டியது இழுப்பதல்ல, விடுவது. சூடான காபியை ஊதுவதுபோல் மெதுவாக, நீளமாக விடுங்கள். அசுவகந்தாவை உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடர வேண்டாம், மூலிகைக்கும் பக்கவிளைவு உண்டு. குக்கர் விஷயத்தில் உங்கள் மனைவி பக்கம்தான் பேசுவேன். அது வைக்காவிட்டால் இரவு என்ன சாப்பிடுவீர்கள்?

இனி கோவைக்கு வருகிறேன்.

கல்லூரி நாட்களில் அதே தடத்தில் போய்வந்தவள் நான். கொருக்குப்பேட்டைப் பக்கம் வண்டி நிற்காத வாரம் அபூர்வம். நிற்கும்போது அந்த வயதுப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். தோழியிடம் கதை பேசுவார்கள், சன்னலில் தலைசாய்த்துத் தூங்குவார்கள், யாரையாவது பார்த்துச் சிரிப்பார்கள். உங்கள் மகள் சன்னல் பக்கம் பார்ப்பதில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். அவள் விரல் உங்கள் நாடியில் இருக்கிறது. உங்களுக்கு முதல் முறை வந்தது மார்ச்சில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவளுக்குப் பிளஸ் டூ தேர்வு மாதம். அந்த வீட்டில், அந்த மாதத்தில், அவள் எதைப் படித்துக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை" என்கிறீர்கள். நம்புகிறேன். நம் வீடுகளில் அப்பா வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்றால் போதும், பெண் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அதை 'அவளாக எடுத்த முடிவு' என்று நீங்கள் எழுதியிருப்பது கோபத்தைவிட வருத்தத்தைத்தான் தந்தது. அவள் கல்யாணத்தைப் பற்றி எழுதும் வரியிலும் அவளைக் காணவில்லை, உங்கள் ரயில் பயணம்தான் இருக்கிறது. சில இரவுகளில் தோன்றுகிற அந்த நினைப்பைக் 'கிடக்கட்டும்' என்று ஒதுக்கினீர்களே, நீங்கள் இந்தக் கடிதம் எழுதியதே அதற்காக என்று நினைக்கிறேன்.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர், ஆகவே இப்படிச் சொல்கிறேன். இந்த மாதிரித் திடீர்ப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானே இறங்கும். உங்கள் உடம்பு ஒவ்வொரு முறையும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வரவை எல்லாம் நீங்கள் மகள் பேரில் எழுதுகிறீர்கள், மிச்சத்தைப் பூசணிச் சாற்றின் பேரிலும் பதிவுசெய்த குரலின் பேரிலும் எழுதுகிறீர்கள். உங்கள் பேரில் ஒரு பைசா வரவு இல்லை. பிறகு தனியாக ஏற எங்கிருந்து தைரியம் வரும்? இன்னும் ஆழமாகத் தூங்க வைக்கும் ஆளைத் தேடுகிறீர்கள். நீங்கள் அந்த ரயிலில் விழித்துக்கொண்டு, பயந்துகொண்டு, அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் தனியாக ஏறி அடுத்த நிலையமான வ.உ.சி. நகரில் இறங்குங்கள். காதில் எந்தக் குரலும் வேண்டாம். ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். பயம் வரும், வரட்டும். அது சலித்துப்போகும் அளவுக்கு அதே தூரத்தைத் திரும்பத் திரும்பப் போன பிறகு தண்டையார்பேட்டை, அதன் பிறகுதான் கொருக்குப்பேட்டை. இதைத் தேர்ந்த உளவியலாளர் ஒருவரின் துணையோடு செய்வது நல்லது. உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794 முதல் இயங்கிவரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் தூரமில்லை, அந்தப் பெயரைக் கேட்டுக் கூசத் தேவையில்லை. மாத்திரை வேண்டும் என்று அவர்கள் சொன்னால் சாப்பிடுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் 14416 எண் இருக்கிறது.

மகளிடம் "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று தியாகி போல் அறிவித்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவள் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளை உட்காரவைத்து, வேளாண் படிப்பில் என்ன படிக்க ஆசைப்பட்டாள் என்று மட்டும் கேளுங்கள். மறுபடி விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்பது அவளுக்கே தெரிந்திருக்கும், ஒருவேளை ஏற்கெனவே விசாரித்தும் வைத்திருப்பாள். அவள் பேசும்போது உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளலாம். மணிக்கட்டை நீட்டாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கிரிக்கெட் பாட்டுக்கு ஓடட்டும்.