மாமனாரின் மாத்திரையும் மத்தியானச் சோறும்

கேள்வி: மாமனாருக்கு 69 வயது. 4 வருடமாகப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்). காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். கணவர் திருப்பூர் பனியன் கம்பெனியில். மாத்திரை போட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் வாசப்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுகிறார். தோட்டத்துக்கு மருந்தடித்தவர்களுக்கு இது அதிகம் வருமாமே? பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான்.
- ஒரு வாசகி

பதில்: பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளுக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன அம்மிணி. ஆனால் உங்கள் மாமனாருக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 1980களில் மும்பை பார்சி குடியிருப்புகளில் வீடுவீடாகப் போய்ப் பார்த்தபோது லட்சத்துக்கு 328 பேருக்கு இந்த நோய் இருந்தது. அங்கே வயதானவர்கள் அதிகம் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் பக்கமும் பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று போய்விட, தோட்டத்தில் மிஞ்சுவது பெரியவர்கள்தானே. ‘வயசாச்சு, கை நடுங்குது’ என்று விட்டுவிடுவதால் கணக்கிலேயே வராதவர்கள் வேறு.

சரி, மாத்திரையை எப்போது தருகிறீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை என்றால் பருப்பு, முட்டை, தயிரில் உள்ள புரதம் குடலில் அதோடு போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே கொடுத்துப் பாருங்கள். குமட்டினால், அதோடு இரண்டு பிஸ்கட் கொடுத்தால் போதும். மாத்திரை போட்ட நேரம், கால் நின்ற நேரம் இரண்டையும் ஒரு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் வேகம் அடுத்த வேளைக்கு முன்பே இறங்குகிறதா என்று அவர் அதில் கண்டுபிடிப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். வாசப்படிக்கு முன்னால் கலர் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டி, ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணுங்கள். ஐம்பது வருடம் வரப்புத் தாண்டிய கால், கோட்டைக் கண்டால் தூக்கிவிடும்!

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பார்க்கின்சனும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் வாங்கி, பராமரிப்பு உதவித்தொகைக்குத் திருப்பூர் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மாதம் 2,000 ரூபாய். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசியாக, அந்த ‘நான் ஒருத்திதான்’. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்கு லீவுதானே? அன்று குளிக்க வைப்பது அவர் வேலை. நாத்தனார் இருந்தால் மாதம் நாலு நாள் இங்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும். பெரியவரை அங்கே அனுப்ப வேண்டாம், புது வீட்டில் தடுமாறுவார். வாய்விட்டுக் கேட்கத் தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து டிவி பக்கத்தில் வைத்துவிடுங்கள்.