வாசகர் கேள்வி: பிரான்ஸில் வைத்த கைரேகை எங்கெல்லாம் போகும்?

கேள்வி: ஐயா, என் தம்பி 2021 இல் இத்தாலிக் கரையில் இறங்கியபோது பத்து விரலையும் மெஷினில் வைத்து எடுத்தார்கள். அங்கே நிற்காமல் பிரான்ஸுக்குப் போய் 2022 இல் அசூல் (அகதித் தஞ்சம்) கேட்டான். கேஸ் இன்னும் மேன்முறையீட்டில் கிடக்கிறது. போன மாதம், பாரிஸ் லா சப்பலில் அவன் வேலை செய்யும் கடையை இரவில் உடைத்துவிட்டார்கள். பொலிஸ் வந்து வேலைக்காரர் எல்லோருடைய கைரேகையையும் எடுத்ததாம். அகதிப் பதிவையும் பார்ப்பார்களா? அது இங்கே கொழும்பு நாலாம் மாடி சி.ஐ.டி.க்கும் வந்துவிடுமா? அம்மா நித்திரை கொள்வதே இல்லை.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவிடம் போய் இதைச் சொல்லுங்கள். அகதிப் பதிவிலிருந்து ஐரோப்பியப் பொலிஸ் எடுக்கும் எந்த விபரத்தையும் வெளிநாட்டு அரசு எதற்கும் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஒருவர் அசூல் கேட்டார் என்ற செய்தியே அவருடைய சொந்த நாட்டுக்குப் போகக் கூடாது என்று தனியாகவும் எழுதியிருக்கிறது. அம்மா பயப்படும் அந்த வழி சட்டப்படி அடைபட்ட வழி.

இனி மற்றக் கேள்வி. அந்தப் பதிவின் பெயர் யூரோடாக். 2003 ஜனவரியில் தொடங்கியது. ஒருவர் முதலில் எந்த நாட்டில் கைரேகை வைத்தார், அவருடைய கேஸை யார் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அதை உண்டாக்கினார்கள். முதல் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும் டப்ளின் சட்டத்தில் மாட்டினால், நம்மவர்கள் 'டப்ளின் அடிச்சிட்டாங்கள்' என்று சொல்வது இதை வைத்துத்தான்.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. கொழும்புக்குத் திரும்பி வருமுன் ஜேர்மனியில் அசூல் கேட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு ஒன்பது வருடம் மொழிபெயர்த்தேன். 2008 இல் ஒரு மேசன் பெடியன் வந்தான். சீமெந்து தின்ற விரல்கள், நுனியில் கோடே இல்லை. கண்ணாடியில் வைக்க வைக்க மெஷின் சிவப்பு லைட் காட்டியது. அலுவலர் ஈரக் கடதாசியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தன் கையால் அழுத்திப் பிடித்தார். ஏழாவது விரலில் அவன் என்னைப் பார்த்து, "அண்ணை, இது எங்க போகுது?" என்று கேட்டான். அலுவலர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்: "முதல் எந்த நாட்டுக்கு வந்தனீங்கள் எண்டு பாக்க மட்டும்தான்."

அசூல் கேட்டவரின் ரேகை பத்து வருடம் இருக்கும். அவனுடையது 2018 வரை இருந்திருக்கும். ஆனால் 2013 இல் சட்டத்தை மாற்றி, 2015 யூலை 20 முதல் பொலிஸுக்கும் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலுக்கும் அந்தப் பதிவைத் திறந்துவிட்டார்கள். ஆக, 'மட்டும்தான்' என்று நான் சொன்னது ஏழு வருடத்தில் பொய்யாகிப் போனது. ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயமும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளரும் 2012 இலேயே இது சரியில்லை என்று எச்சரித்தார்கள். கொலை நடந்த இடத்தில் கிடக்கும் போத்தலில் ஒரு ரேகை இருந்தால், அது அகதியுடையதா என்று தேட ஒரு பதிவு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரருடையதா என்று தேட அப்படியொரு பதிவு இல்லை. ஒரு குற்றமும் செய்யாதவனை இப்படித் தனியே பிரித்து வைப்பது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, தம்பியின் விஷயத்துக்கு வருவோம். பொலிஸ் நினைத்த நேரத்தில் யூரோடாக்கைத் திறக்க முடியாது. பயங்கரவாதம் அல்லது பாரதூரமான குற்றமாக இருக்க வேண்டும். அதாவது ஐரோப்பியக் கைதாணைச் சட்டம் பட்டியல் போட்டிருக்கும் 32 வகைகளில் ஒன்றாகவும், மூன்று வருடமாவது சிறை கிடைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஆயுதக் கொள்ளையும் கூட்டாகத் திட்டமிட்ட கொள்ளையும் அதில் உண்டு. சாதாரணக் கடை உடைப்பு இல்லை. அப்படியான குற்றம் என்றாலும் முதலில் தங்கள் நாட்டுக் கைரேகைப் பதிவு, மற்ற நாடுகளின் பொலிஸ் பதிவுகள் எல்லாவற்றிலும் தேடி ஒன்றும் கிடைக்காமல் போக வேண்டும். பிறகு, விசாரணை செய்பவர் அல்லாத வேறொரு அதிகாரி காரணத்தைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். வேலைக்காரர் எல்லோரையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது தடை. தம்பியிடம் எடுத்த ரேகை, கடையில் கிடந்த ரேகைகளிலிருந்து வேலைக்காரருடையதைக் கழித்துப் பார்க்கத்தான் பெரும்பாலும் இருக்கும். எதற்காக எடுத்தீர்கள் என்று வக்கீல் மூலம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தம்பியின் கடிதங்களில் யூரோடாக் இலக்கம் எங்காவது இருக்கும். நாட்டின் எழுத்துக்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். 1 என்றால் அசூல் கேட்டவர், 2 என்றால் எல்லையில் பிடிபட்டவர். இத்தாலிப் பதிவு 2 ஆக இருந்தால் அன்றைய சட்டப்படி ஆயுள் 18 மாதம்தான். பிரெஞ்சுப் பதிவு 1, அது பத்து வருடம். தன்னைப் பற்றி என்ன பதிந்திருக்கிறது என்று கேட்கவும், பிழை இருந்தால் திருத்தவும் அவனுக்கு உரிமை உண்டு.

2026 யூன் 12 ஐத் தொடக்க நாளாகக் கொண்ட புதிய யூரோடாக் சட்டத்தில் முகப் படம், பெயர், பிறந்த திகதி எல்லாம் சேருகின்றன. எல்லையில் பிடிபட்டவரின் பதிவு ஐந்து வருடம் இருக்கும். 14 வயதிலிருந்து எடுத்த ரேகையை 6 வயதிலிருந்தே எடுப்பார்கள். ஆறு வயது! சின்னப் பிள்ளைகளோடு போக நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

மேன்முறையீடு தோற்று நாடு கடத்தும் கட்டம் வந்தால் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியமும் இலங்கையும் 2004 யூனில் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, பயணப் பத்திரத்துக்காக 'இவர் உங்கள் நாட்டவரா' என்று இலங்கையிடம் கேட்பார்கள். அப்போதும் அசூல் கேட்ட கதை வரக் கூடாது. அந்தக் கட்டம் வருமுன் தம்பி வக்கீலோடு இருந்து பேசியிருக்க வேண்டும்.

கேள்வி: மகன் பிரான்ஸில் கை வைத்துவிட்டு லண்டன் போய்விட்டான். லண்டன்காரருக்கு அது தெரியுமா?
- தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: 2020 டிசம்பர் 31 உடன் பிரித்தானியா யூரோடாக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. அந்த மெஷினில் இனி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் குடிவரவு விஷயத்தில் அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்தோடு அவர்கள் கைரேகை ஒப்பிடுகிறார்கள். மகன் அந்த நான்கில் எங்காவது விசா கேட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம். நேர்காணலுக்கு முன்பே வக்கீலிடம் சொல்லட்டும்.