வலை ஏற்றப் பழைய வண்டியா? அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். தூத்துக்குடி பக்கம் கடற்கரை ஊர். எனக்கும் அண்ணனுக்கும் சேர்ந்து ஒரு பைபர் படகு இருக்கு. வலை, அவுட்போர்டு மோட்டார், ஐஸ்பெட்டி எல்லாம் இத்தனை நாளும் வாடகை லோடு ஆட்டோவில்தான் போகுது. சொந்தமா ஒரு பழைய வண்டி வாங்கலாம்னு இருக்கோம். கையில் 2 லட்சம் இருக்கு. புரோக்கர் ஒரு ஆம்னி வேனும் ஒரு டாடா ஏஸ் லோடு வண்டியும் காட்டினார். ஆம்னி புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, ஏஸ் அங்கங்க அடிபட்டிருக்கு. எதை எடுக்க?

பதில்: தம்பி, இரண்டையும் நின்றபடியே பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கும்வரை முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முப்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், மீன்பிடிச் சாமான் ஏற்றும் வண்டிக்கு எமன் துருதான். எஞ்சின் போனால் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) பிஸ்டன் மாற்றலாம். கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரு செலவுக் கணக்கு உண்டு. சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அரித்துப்போன வண்டிக்கு அப்படிக் கணக்கே போட முடியாது. இன்று ஓர் இடத்தில் பற்றவைத்தால் அடுத்த மாதம் அதன் பக்கத்தில் விட்டுப்போகும்.

ஈர வலையிலிருந்து வடியும் கடல்நீர் தளத்தின் இடுக்குகளில் இறங்கிவிடும். வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரத்தை உப்பு இழுத்து வைத்துக்கொள்வதால், வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் இரும்பு அரித்துக்கொண்டே இருக்கும். ஓட்டம் குறைவு, கிலோமீட்டர் குறைவு என்று புரோக்கர் சொல்வது இந்த விஷயத்தில் உதவாது. 40,000 கிலோமீட்டர் ஓடிய கடற்கரை வண்டியைவிட ஒன்றரை லட்சம் ஓடிய கோவில்பட்டி வண்டியை நான் நம்புவேன்.

ஆகவே முதல் கேள்வி, இந்த வண்டி இதற்கு முன் என்ன ஏற்றியது? உங்கள் பக்கம் இன்னொன்றும் சேர்த்துக் கேட்க வேண்டும், உப்பளத்தில் ஓடியதா என்று. உப்பு மூட்டை சுமந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். முடிந்தால் கோவில்பட்டி, விருதுநகர், மதுரை என்று உள்நாட்டுப் பக்கம் தேடுங்கள். பஸ் செலவும் ஒரு நாள் அலைச்சலும் பெரிதல்ல.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய சின்னக் காந்தம், படுக்க ஒரு பழைய சாக்கு, இவை போதும். சேஸை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இரும்பு ‘பொத்’தென்று கேட்கும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் சேஸோடு சேரும் இடம், பெட்ரோல் அல்லது டீசல் டேங்கின் மேல்விளிம்பு, பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப், இந்த மூன்றிலும் அவசரப்படாதீர்கள். மேலோட்டமான செம்மண் நிறத் துரு பரவாயில்லை. அடை அடையாகப் பெயர்ந்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், விற்பதற்கு முந்தைய வாரம் எதை மூட அடித்தார்கள் என்று.

பிரேக் பைப்பை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்து வந்த ஒரு வண்டி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதிகாலையில் வலையும் ஆளுமாகப் பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்திருக்கிறார்கள், துருப்பிடித்த பைப் வெடித்து மிதி தரையோடு போய்விட்டது. ஓரத்தில் கிடந்த மணல் குவியல் தாங்கிக்கொண்டதால் மூன்று பேர் பிழைத்தார்கள். அந்த வண்டியின் எஞ்சின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. வாங்கும்போது எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுத்தான் வாங்கியிருந்தார்கள்.

இப்போது உங்கள் ஆம்னிக்கு வருகிறேன். அதற்குத் தனிச் சேஸ் கிடையாது, தளமும் உடம்பும் ஒன்றாகப் பற்றவைத்த கட்டுமானம். தளம் அரித்தால் வண்டியே அரித்தது போலத்தான். தள்ளு கதவு ஓடும் கீழ்த்தண்டவாளம், படிக்கட்டு ஓரம், பின்சக்கர வளைவு, பின்கதவுக் கீல் ஆகிய இடங்களில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆம்னி தயாரிப்பு 2019-இலேயே நின்றுவிட்டது. அதனால் எந்த ஆம்னியும் இனிப் பழசுதான், அந்தப் பளபளப்பு பெயிண்டு வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

துரு இல்லாவிட்டாலும் ஈர வலைக்கு ஆம்னியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. மோட்டாருக்கான பெட்ரோல், மண்ணெண்ணெய் கேன்களை அதே மூடிய கூண்டுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுவது நெருப்போடு பயணம் செய்வது. மாருதி ஈகோ வேனிலும் அமைப்பு இதேதான். திறந்த தொட்டி உள்ள வண்டியில் ஆவி தங்காது, வலையின் நீரும் வடிந்துவிடும். அந்த வகையில் குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ்தான் உங்கள் வேலைக்குச் சரி. 2005-இல் வந்த வண்டி, உதிரிபாகமும் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்காத ஊர் இல்லை. அடிபட்ட வெளிப்பக்கத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள், கீழே நேராக இருக்கிறதா என்பதே முக்கியம்.

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். பழைய டீசல் ஏஸ் சுமப்பது சுமார் முக்கால் டன். 50 கிலோ ஐஸ் பார் இரண்டு, மோட்டார், கேன், நங்கூரம், அதோடு நீர் குடித்த வலை என்று கூட்டிக்கொண்டே வந்தால் எங்கே நிற்கும் என்று தெரியும். காய்ந்த வலையின் எடையைக் கணக்கில் எடுத்து ஏமாறாதீர்கள், ஈரமாக எடை போட்டுப் பாருங்கள். அடிக்கடி அளவைத் தாண்டுமென்றால் அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற அடுத்த அளவு வண்டியைத் தேட வேண்டியிருக்கும், அதற்கு 2 லட்சம் இழுபறியாகும்.

எஞ்சினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில், எஞ்சின் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது போங்கள், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கக் கூடாது. ஏஸ் இரண்டு சிலிண்டர் வண்டி, ஐட்லிங்கில் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது நம் மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. பியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்திருப்பதும் அதே கதைதான்.

கடைசியாக, 2 லட்சத்தையும் வண்டிக்கே கொட்டிவிடாதீர்கள். டயர், பேட்டரி, பிரேக் வேலை, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று நாற்பதாயிரமாவது தனியே எடுத்து வையுங்கள். வாங்கியபின் வலையைக் கரையிலேயே நல்ல தண்ணீரில் ஓர் அலசு அலசி ஏற்றுங்கள், வாரம் ஒருமுறையாவது அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள். தொட்டியில் அலுமினியத் தகடு அடிக்கச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். வேண்டாம். தகடுக்கு அடியில் சிக்கும் உப்புநீர் வெளியே வர வழியிருக்காது, இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், கீழே இரும்பு அரிப்பதும் கண்ணுக்குத் தெரியாது. எடுத்துக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் தட்டு போதும்.

கேள்வி: ஐயா, நான் நாகப்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்கிறேன். வீட்டுக்காரர் தொழிலுக்கும் என் வியாபாரத்துக்கும் சேர்த்து காரைக்கால் பதிவு உள்ள சரக்கு வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. நம்ம ஊர் விலையைவிடக் குறைவு. “பார்மில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுகிறேன், பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: அம்மா, விலை குறைவாகத் தெரிவதில் ஒரு பகுதி உங்கள் தலையில்தான் விழப்போகிறது. காரைக்கால் பக்கத்து ஊர்தான், ஆனால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் வயதைச் சொல்லி வரி எவ்வளவு வருமென்று கேட்டு, அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மலிவாக இருந்தால் மேலே பேசலாம்.

‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, அசல் ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கைக்கு வந்தபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள். பைனான்ஸில் எடுத்த வண்டியென்றால் கடன் முடிந்ததற்கான சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கட்டாயம் வேண்டும். “கடன் முடிஞ்சு போச்சு, ஆர்.சி.யில்தான் அடிக்கலை” என்ற வாய்வார்த்தையை நம்பி வண்டியைப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பைனான்ஸ்காரர்கள் சாலையில் மறித்துச் சாவியைக் கேட்கும்போது விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

விற்பவர் தயங்கினால் அவருக்கே இது நல்லதென்று எடுத்துச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்கள் பக்கத்தில், 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். வண்டியின் எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு உண்டா என்பதெல்லாம் தெரியும். விளம்பரத்தில் ‘எப்.சி. கரண்ட்’ என்று போட்டிருப்பதை அதில் சரிபாருங்கள். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எப்.சி. எடுக்க வேண்டும், அந்தச் செலவும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: சீட்டைக் கழற்றிய வெள்ளை போர்டு ஆம்னி கைவசம் இருக்கிறது. அதிலேயே வலை ஏற்றினால் என்ன? மஞ்சள் போர்டு வாங்கினால் பேட்ஜ் லைசென்ஸ் எடுக்கணுமாமே?

பதில்: ஆர்.சி.யில் பயணிகள் வண்டி என்று பதிவாகியிருப்பதில் சீட்டைக் கழற்றுவது மாற்றம் செய்வதாகும், அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. பிடிபட்டால் அபராதம், விபத்தானால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதையே காரணம் காட்டும். லைசென்ஸ் பயம் உங்களுக்கு வேண்டாம். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பர்மிட்டும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பின்தொட்டியில் வலை மேல் ஆட்களை உட்காரவைத்து ஓட்டாதீர்கள். கவிழ்ந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அவர்கள்தான், சரக்கு வண்டியில் ஏறிய ஆளுக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்குவதற்குள் அந்தக் குடும்பம் நீதிமன்றப் படியேறித் தேய்ந்துவிடும்.

கேள்வி: பழைய வண்டிக் கடையில் வாங்கினேன். “விபத்தில்லா வண்டி” என்று எழுதித் தந்தார்கள். ஒரு மாதத்தில் சேஸில் பழைய வெல்டிங் விட்டுப்போனது. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கு போட முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அப்படியே ஏற்க வேண்டாம். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2019 சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவரை அந்த விலக்கிலிருந்து அதே சட்டம் காப்பாற்றுகிறது. படகுக்கு வலை கொண்டுபோக நீங்களே ஓட்டும் வண்டி அதற்குள் வரும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

எழுதித் தந்த தாளும் பணம் கொடுத்த ரசீதும்தான் உங்கள் பலம். வெல்டிங்கைத் திரும்பப் பற்றவைக்கும் முன் தெளிவாகப் படமெடுங்கள், வேறொரு மெக்கானிக்கிடம் அது பழைய வேலை என்று எழுதி வாங்குங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு என்றாலும் வண்டி அதே நிலையில் இருக்கும்போதே போங்கள்.